மாவட்டத் திறன் குழுவுக்கு, எண் அனுப்பிக்கொண்டிருந்த ஒருத்தி எழுதுவது

திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்டத் திறன் குழுவில் இருக்கிற அதிகாரிகளுக்கும், சென்னையில் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தில் எங்கள் மாவட்டத்துக் கோப்புகளைப் பார்க்கிறவர்களுக்கும் வணக்கம்.

நான் நான்கு வருடம் உங்களுக்கு எண் அனுப்பியவள். அரசு மானியத்தில் நடந்த ஒரு பயிற்சி மையத்தில் எனக்கு எம்.ஐ.எஸ்., அதாவது கணினியில் விவரம் ஏற்றுகிற வேலை. எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள், எத்தனை நாள் வந்தார்கள், எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று அரசின் இணையப் போர்ட்டலில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போவேன். மையத்தின் பெயர் வேண்டாம். அது இப்போது இல்லை. அதை நடத்தியவர்களும் ஊரை அடித்து உலையில் போடுகிற ஆட்கள் இல்லை. சில மாதம் தங்கள் நகையை அடகு வைத்து எங்களுக்குச் சம்பளம் கொடுத்தவர்கள். நான் இன்று முக்கூடல் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு பிள்ளை சான்றிதழ் நகல் எடுக்க வந்தாள். பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒன்றன்பின் ஒன்றாக மூன்றை எடுத்து வைத்தாள். "மொதல்ல தையல், யக்கா. பொறவு பியூட்டிஷியன். இப்போ வேற திட்டத்துல திரும்பத் தையல்." மூன்றிலும் நல்ல மதிப்பெண். வேலை என்னம்மா என்று கேட்டேன். "பீடிதான்" என்றாள். நகலுக்கு அவள் சில்லறை தேடிக்கொண்டிருந்தபோது என் மனது பழைய பழக்கத்தில் கணக்குப் போட்டது. மூன்று திட்டம், மூன்று ஆண்டறிக்கை, மூன்றிலும் "பயிற்சி பெற்றவர்" என்ற தலைப்பின் கீழ் இவள் ஓர் எண். ஒரே பிள்ளை, மூன்று பேர். அன்றைக்கு ராத்திரி இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால், பணம் வருகிற வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு 2015-இல் கொண்டுவந்த பொது நெறிமுறையின்படி, நான் வேலை பார்த்த காலத்தில், மையத்துக்கான பயிற்சிக் கட்டணம் மூன்று தவணை. பேட்ச் தொடங்கும்போது 30 விழுக்காடு. தேர்வு முடிந்து சான்றிதழ் வந்ததும் 50. வேலை கிடைத்ததைக் காட்டினால் மிச்சம் 20. இந்தக் கடைசித் தவணைக்கு ஒரு கணக்கு இருந்தது. தேறியவர்களில் 70 விழுக்காட்டினருக்கு மூன்று மாதத்துக்குள் வேலை என்றால் முழுப் பணம். 50-லிருந்து 70-க்குள் என்றால் அதற்குத் தக்க பங்கு. 50-க்குக் கீழே போனால் ஒரு பைசாவும் இல்லை.

கணக்குச் சுலபமாக இருக்கட்டும். முப்பது பேர் தேறிய ஒரே பேட்ச் என்று வைத்துக்கொள்வோம். 15 பேருக்கு வேலை என்றால் பணம் உண்டு, 14 பேர் என்றால் கிடையாது. அந்தப் பதினைந்தாவது பிள்ளைக்கு வேலை கிடைத்ததா இல்லையா என்று எழுதுகிற கை யாருடையது? பணம் வாங்குகிற மையத்தின் கை. கடைசியில் பார்த்தால் என் கை. மானியம் வாங்குகிறவரே தன் வேலைக்கு மதிப்பெண் போட்டு அனுப்ப, மானியம் கொடுக்கிறவர் அதைக் கூட்டிப் பார்த்து "இலக்கு எய்தப்பட்டது" என்று எழுதுகிறார். பரீட்சைத் தாளைப் பையனே திருத்திக்கொண்டு வருகிற பள்ளிக்கூடத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

நான் திருத்திய ஒரு தாளைச் சொல்கிறேன். அது ஒரு தையல் பேட்ச். தேறியவர்கள் 27 பேர். வேலை கிடைத்ததாக நாங்கள் அனுப்பியது 19. ஏன் 19 என்று அன்று யாராவது கேட்டிருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்கும்: 27-இல் 70 விழுக்காடு 18.9.

இந்தப் பத்தொன்பதில் பதினோரு பிள்ளைகள் நிஜமாகவே வேன் ஏறித் திருப்பூருக்குப் போனார்கள். சித்திரையில் போனார்கள், வைகாசி, ஆனிக்குச் சம்பளச் சீட்டு வந்தது. நான் அதை ஸ்கேன் செய்து ஏற்றினேன், அதோடு அரசுக்கு அவர்கள் கதை முடிந்தது. ஆடியில் ஊர்க் கோயில் கொடை, அதாவது திருவிழா. கொடைக்கு வந்தவர்களில் ஏழு பேர் திரும்பிப் போகவில்லை. ஒருத்திக்கு விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. ஒருத்திக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். மற்றவர்கள் சொன்னதெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான்: விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்ததுபோகக் கையில் வருவது வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றிக் கிடைப்பதைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை. "அங்க நின்னுக்கிட்டே இருக்கணும், இங்க அம்மைகூட இருந்து சுத்துதேன்" என்றாள் ஒரு பிள்ளை. மூன்று மாதம் என்று சென்னையிலோ டெல்லியிலோ கோடு போட்டவருக்கு எங்கள் ஊர்க் கொடை எந்த மாதம் என்று தெரிய வழியில்லை. வருடத்தில் என்றைக்குக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும்.

மீதி எட்டுப் பேர் "சுயதொழில்". சுயதொழிலுக்கு வருமானம் கூடியதற்கோ கடை வைத்ததற்கோ சான்று வேண்டும். எங்கள் சான்றுகளில் புகைப்படமும் உண்டு. ஒரே தையல் மிஷின் மூன்று வீட்டு வாசலில் நின்று படமெடுத்துக்கொண்டது. அதைத் தூக்கிக்கொண்டு போன ஆட்டோவுக்கு வாடகை கொடுத்த வவுச்சரும் என் கையெழுத்தில்தான் இருந்தது.

இதில் எனக்கு இன்றுவரை உறுத்துவது வேறொன்று. அந்த 27-இல் "வேலை இல்லை" என்று நான் எழுதிய எட்டுப் பேரில் ஒருத்தி, தன் மாமியார் வீட்டுப் பழைய மிஷினை எண்ணெய் போட்டுத் துடைத்து, ரவிக்கை தைக்க ஆரம்பித்தாள். இன்று பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவளிடம் துணி கொடுக்கப் பத்து நாள் முன்னாலேயே போக வேண்டும். அவளிடம் கடைப் பலகையும் இல்லை, வங்கியில் காட்ட வரவும் இல்லை. அதனால் என் எக்செல் தாளில் அவள் தோற்றவள். திருப்பூரிலிருந்து திரும்பி வந்து பீடி சுற்றுகிற ஏழு பேரும் ஜெயித்தவர்கள்.

என் கதை ஒரு மூலையில் நடந்த சின்னக் கதை. நாடு முழுவதற்குமான கதையை இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறை எழுதிவிட்டது. பிரதமர் பெயரிலான திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் முதல் மூன்று கட்டங்களை, 2015 முதல் 2022 வரை, ஆய்ந்த அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. சுமார் 95 லட்சம் பேரின் பதிவுகளில் நூற்றுக்கு 94-க்கு மேல் வங்கிக் கணக்கு எண் இருக்க வேண்டிய கட்டம் வெறுமை, அல்லது பூஜ்யம். நிரப்பியிருந்தவற்றிலும் ஒரே எண் பலருக்கு. வெவ்வேறு ஊர்ப் பயனாளிகளுக்கு ஒரே புகைப்படம். சான்றிதழ் வாங்கியவர்களில் வேலைக்குப் போனதாகக் காட்டப்பட்டவர்கள் 41 விழுக்காடு.

செய்தியைப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்கு ஆச்சரியம் வரவில்லை. போர்ட்டலில் சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. மணி ராத்திரி பதினொன்று. நாளைக் காலை கடைசி நாள். பிள்ளை பாஸ்புக் கொண்டுவரவில்லை. அந்த நேரத்தில் விரல் தானாகவே ஒன்றை அழுத்திக்கொண்டு போகும். அப்படி அழுத்தியதற்காக நான் வெட்கப்படுகிறேன். ஆனால் அந்த வெறுங்கட்டங்களும் பூஜ்யங்களும் ஏழு வருடம் அங்கேயே கிடந்தன. மேலே இருக்கிற யாராவது ஒருவர் அந்த ஒரு வரிசையை மட்டும் அடுக்கிப் பார்த்திருந்தால் ஒரு மத்தியானத்தில் தெரிந்திருக்கும். கேட்டு வாங்கியவர்கள் வாசிக்கவில்லை. வாசிக்க ஆளில்லாத எண்ணை நிரப்புகிறவள் எதற்கு உண்மையை எழுதப் போகிறாள்?

அதற்குப் பிறகு நடந்திருப்பது இன்னும் விசித்திரம். வேலைக்குப் போனார்களா என்று பின்தொடர்ந்ததெல்லாம் முதல் மூன்று கட்டங்களில்தான் என்றும், நான்காம் கட்டத்தில் பயிற்சி முடித்தவர்கள் தமக்கேற்ற வழியைத் தேர்ந்துகொள்ளும் வலுவைத் தருவதே நோக்கம் என்றும் நாடாளுமன்றத்திலேயே பதில் சொல்லியிருக்கிறார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. எண் பொய் சொல்கிறது என்றால் யார் எழுதுகிறார்கள், எப்போது எழுதுகிறார்கள் என்பதை மாற்ற வேண்டும். கேட்பதையே விட்டுவிட்டால் அடுத்த தணிக்கைக்குப் பொய் எண்கூட மிஞ்சாது.

உங்கள் கையில் இப்போதே இருக்கிற தரவை வைத்து என்ன செய்யலாம் என்பதற்கு ஒரு சின்ன வழி சொல்கிறேன். 2023 டிசம்பர் 18, திங்கட்கிழமை. தாமிரபரணி கரை புரண்டு திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்த நாள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டிய மழை அது. கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் நின்றது. நான்கு தென்மாவட்டங்களுக்கும் விடுமுறை. அந்த நாளிலும் அதற்கடுத்த இரண்டு நாளிலும் எந்த மையத்தில் பிள்ளைகள் வருகைப் பதிவு போட்டிருக்கிறார்கள் என்று போர்ட்டலில் ஒரு தடவை தேடிப் பாருங்கள். ஒன்றும் வராமலும் போகலாம். வராவிட்டால் எல்லோருக்கும் நல்லது. வந்தால், தண்ணீரில் நீந்தி வந்து கைரேகை வைத்த பிள்ளையை நானும் பார்க்க ஆசைப்படுகிறேன்.

வெள்ளம் என்றைக்கோ ஒருநாள். பிசானப் பருவ நெல் நடவு வருடா வருடம் வரும். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றுப் பாசன ஊர்களில் நாற்று நடப் போகாத வீடு குறைவு. அப்போது வகுப்பில் பாதி பெஞ்சு காலியாகத்தான் இருக்கும். எந்த மையத்தின் வருகைக் கோடு கார்த்திகையிலும் மாசியிலும் கயிறு பிடித்தது போல் ஒரே மட்டமாகப் போகிறதோ, அங்கே போய்ப் பாருங்கள். வருகை குறைந்து, பிறகு ஏறுகிற மையத்தைத் திட்டாதீர்கள். அதுதான் உண்மையாக எழுதுகிறது. இப்போது நடப்பது நேர் எதிர். வருகை குறைந்தவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், மட்டமாக எழுதியவருக்குப் பாராட்டு. பீடி சுற்றித் தேய்ந்த விரலுக்குக் கைரேகை இயந்திரம் பாதி நாள் பிடிக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு தனி மடலுக்கு ஆகும்.

வருங்கால வைப்பு நிதித் தரவோடு இணைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், பி.எஃப். பிடித்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை, யாரும் பொய் சொல்ல முடியாது என்று சிலர் சொல்லக் கேட்கிறேன். நல்ல யோசனைதான், வேறு மாவட்டத்துக்கு. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் வீட்டிலிருந்து பீடி சுற்றுகிற பெண்களில் எத்தனையோ பேருக்கு ஏற்கெனவே பி.எஃப். கணக்கு இருக்கிறது. பீடித் தொழில் அந்தச் சட்டத்துக்குள் வந்து பல காலம் ஆகிவிட்டது. பயிற்சிக்கு வருமுன் பீடி சுற்றினாள், பயிற்சி முடிந்தும் பீடி சுற்றுகிறாள். உங்கள் கணினி அவள் எண்ணைத் தேடி, மாதாமாதம் சந்தா விழுவதைப் பார்த்து, "வேலை கிடைத்தது" என்று பச்சை விளக்குப் போடும். என் மேனேஜருக்கு இது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் ஆட்டோ வாடகை மிச்சமாகியிருக்கும். இன்னொரு பக்கம், ரவிக்கை தைக்கிற என் "தோற்ற" பிள்ளைக்கு எந்தக் காலத்திலும் பி.எஃப். வரப்போவதில்லை.

ஆகவே சேர்கிற அன்றைக்கே ஒன்றைக் கேட்டு எழுத வேண்டும். இங்கே வருமுன் என்ன செய்துகொண்டிருந்தாய், மாதம் கையில் எவ்வளவு வந்தது? நான் ஏற்றிய நூற்றுக்கணக்கான கட்டங்களில் ரத்த வகைக்குக்கூட இடம் இருந்ததாக ஞாபகம். இந்தக் கேள்வியை மட்டும் பதில் எழுதும்படி யாரும் எங்களிடம் வற்புறுத்தியதில்லை. ஒரே ஒரு முறை மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா முன்னறிவிப்பில்லாமல் மத்தியானம் வந்தார்கள். ஃபைலைப் பார்க்கவில்லை. பிள்ளைகள் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள். ஒவ்வொருத்தியும் சொல்லச் சொல்ல, மேஜை மேல் கிடந்த பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார்கள். அந்த மாதம் முழுக்க எங்கள் மையத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அப்புறம் அந்த அம்மாவுக்கு மாற்றல் வந்துவிட்டது.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்காவில் 1982-இல் வேலைப் பயிற்சிக்கென்று ஒரு பெரிய சட்டம் போட்டு, மையங்களுக்குத் தரும் பணத்தில் ஒரு பகுதியை எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், எவ்வளவு கூலிக்குப் போனார்கள் என்ற எண்களோடு கட்டினார்கள். மையங்கள் உடனே பாடம் படித்துக்கொண்டன. பயிற்சி இல்லாவிட்டாலும் வேலை கிடைக்கக்கூடிய ஆளாகப் பார்த்துச் சேர்ப்பது, வேலை கிடைக்காதவரின் பதிவை முடிக்காமல் இழுத்தடித்து, கிடைத்த பிறகு முடித்துக் காட்டுவது. பாலில் ஆடையை மட்டும் வழித்தெடுக்கிற வேலை என்று அங்கேயே அதற்குப் பெயர் வைத்தார்கள். பிறகு ஹெக்மன் என்ற நோபல் பரிசு பெற்ற பொருளியலாளரும் உடனிருந்தவர்களும் ஆராய்ந்ததில், பயிற்சி முடிந்த சூட்டோடு எடுக்கிற எண்ணுக்கும், நாள்பட்ட பிறகு அந்த மனிதருடைய வருமானத்தில் பயிற்சியால் நேர்ந்த மாற்றத்துக்கும் பெரிதாக ஒட்டுறவு இல்லை என்று தெரிந்தது. 2014-இல் அமெரிக்க அரசு போட்ட புதிய சட்டத்தில், பயிற்சியை விட்டு வெளியேறிய பின் இரண்டாவது காலாண்டிலும் நான்காவது காலாண்டிலும் வேலையில் இருக்கிறாரா என்று பார்க்கிறார்கள். அதையும் மையத்திடம் மட்டும் கேட்பதில்லை. முதலாளிகள் அரசுக்குக் கட்டாயம் கொடுக்கிற கூலிப் பதிவிலிருந்து எடுக்கிறார்கள். எந்த மாதிரி ஆட்களைச் சேர்த்தார்கள், அந்த ஊரில் வேலைக்கு எவ்வளவு தட்டுப்பாடு என்பதைப் பார்த்து இலக்கைக் கூட்டவோ குறைக்கவோ ஒரு கணக்கும் வைத்திருக்கிறார்கள். அங்கேயும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல நான் ஆளில்லை. முப்பது வருடம் செலவழித்து அவர்கள் கற்றதை நாம் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

பாலாடை வழிக்கிற வேலை இங்கேயும் நடக்கிறது. எங்கள் மொபிலைசர் அண்ணாச்சிக்கு ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்ப்பது பொறுப்பு. முதல் வருடம் பாப்பாக்குடி, இடைகால் பக்கமெல்லாம் அலைந்து, எட்டாவதோடு நின்ற பிள்ளைகளையும் கைப்பிள்ளைக்காரிகளையும் கூட்டி வந்தார். கடைசித் தவணை வரவில்லை. இரண்டாம் வருடம் அவர் கல்லூரி வாசலில் நின்றார். டிகிரி முடித்த பிள்ளைகள், எப்படியும் ஏதாவது ஒரு கடையிலோ ஆஸ்பத்திரியிலோ வேலைக்குப் போகப் போகிறவர்கள். தவணை வந்தது. அவர்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. யாருக்குச் சொல்லிக் கொடுத்தாய் என்று கேட்காமல் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டால், எந்த மனிதரும் கல்லூரி வாசலுக்குத்தான் போவார்.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. பயிற்சி முடிந்து ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும் ஒரு ஆள் அந்தப் பிள்ளையைப் பார்க்க வேண்டும், அந்த ஆள் மையத்திடம் சம்பளம் வாங்குகிறவராக இருக்கக் கூடாது. ஊருக்கு ஊர் மகளிர் குழுக்கள் இருக்கின்றன, ஊராட்சி அளவில் அவற்றின் கூட்டமைப்பு இருக்கிறது. எந்தப் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று அந்தப் பெண்களுக்குத் தெரிகிற அளவு எந்த போர்ட்டலுக்கும் தெரியாது. அவர்களுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து அனுப்புங்கள். எல்லோரையும் பார்க்க முடியாது என்றால், மையத்துக்குப் பத்துப் பெயரைச் சீட்டுக் குலுக்கி எடுத்துப் பாருங்கள். எந்தப் பத்து என்று மையத்துக்கு முன்கூட்டித் தெரியாமல் இருந்தாலே போதும், மற்ற எண்களும் தாமாக நேராகும்.

"தொடர்புகொள்ள முடியவில்லை" என்று எழுதுகிறவரைத் தண்டிக்காதீர்கள். எங்கள் ஊரில் பிள்ளைகள் கொடுக்கிற நம்பர் பாதிக்கு மேல் அப்பாவுடையது, அண்ணனுடையது. கல்யாணமானதும் அந்த நம்பரில் கூப்பிட்டால், "அவ இங்க இல்லல்லா, மாப்ள வீட்டுல இருக்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். நான் அதை உள்ளபடி எழுதிய மாதம் விளக்கம் கேட்டு மூன்று மின்னஞ்சல் வந்தன. அடுத்த மாதத்திலிருந்து, எடுக்காத போனெல்லாம் "பணியில் உள்ளார்".

இன்னொன்று, எண்ணை எங்களுக்கும் காட்டுங்கள். நான்கு வருடம் எண் அனுப்பியும், பக்கத்து மையத்தின் எண் என்ன என்று எனக்குத் தெரியாது. சேர வருகிற பிள்ளைக்கு அதுகூடத் தெரியாது. மையத்தின் வாசலிலும் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒரு பலகை: இங்கே போன வருடம் தையல் படித்தவர்கள் இத்தனை பேர், ஒரு வருடம் கழித்தும் வேலையில் இருப்பவர்கள் இத்தனை பேர், மாதம் கைக்கு வருவது ஏறத்தாழ இவ்வளவு, வேலை எந்த ஊரில். இதைப் படித்துவிட்டு ஒரு தாய் தன் மகளை அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பாள். கட்டணமில்லாப் பேருந்து இருப்பதால் இந்த மையத்தை விட்டு அடுத்த ஊர் மையத்துக்குப் போவதும் இப்போது பெண்பிள்ளைகளுக்குச் சிரமம் இல்லை. உங்கள் ஆய்வுக் கூட்டத்துக்குப் பயப்படாத மையம்கூட அந்தப் பலகைக்குப் பயப்படும்.

எந்தப் பயிற்சிக்குப் பணம் கொடுப்பது என்பதற்கும் இந்த எண்களே பதில் சொல்லும். கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவரின் 4.3 ஜிகாவாட் சூரிய மின்கல ஆலை வந்து, அங்கே பெண்பிள்ளைகள் பெருவாரியாக வேலை பார்க்கிறார்கள். இராதாபுரம், பணகுடி பக்கம் எத்தனையோ வருடமாகக் காற்றாலைகள் சுழல்கின்றன. அவற்றைப் பழுது பார்க்க ஆள் வேண்டும். தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் மின்கார் ஆலை திறந்தாகிவிட்டது. நாங்கள் இன்னமும் வருடத்துக்கு நான்கு தையல் பேட்ச் போட்டுக்கொண்டிருந்தோம். காரணம் எளிது. தையல் மிஷின் ஏற்கெனவே இருந்தது, தையல் டீச்சரும் இருந்தார். ஒரு வருடம் கழித்து எடுத்த எண் உங்கள் மேஜையில் இருந்திருந்தால் மூன்றாவது பேட்சுக்கே நீங்கள் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பீர்கள்.

எங்கள் எண்ணைக் கேட்கிற நீங்கள் உங்கள் எண்ணையும் அந்தப் பலகையில் எழுதுங்கள் என்று கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது. மையம் பில் கொடுத்த தேதி, பணம் வந்த தேதி, நடுவில் எத்தனை நாள். நான் இருந்த மையத்தில் ஒரு தவணை வருவதற்குள் தையல் டீச்சர் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விட்டார். அதன்பின் வந்தவருக்குக் காஜா எடுக்கத் தெரியாது. அந்த பேட்ச் பிள்ளைகள் தேறியதாக நான் எழுதியதும், உங்கள் பணம் தாமதமாக வந்ததும் ஒரே கயிற்றின் இரண்டு முனை. பணத்தை நேரத்துக்குக் கொடுக்கிறவர்தான் எண்ணையும் உரிமையோடு அதட்டிக் கேட்க முடியும்.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. போர்ட்டலில் ஏற்றாததை எல்லாம் அதில் எழுதி வைத்தேன். யார் எப்போது திரும்பி வந்தாள், எவ்வளவு பிடித்தார்கள், யாருக்கு எந்த ஊரில் கல்யாணம், எந்த நம்பரில் யார் எடுத்தார்கள். வேலையை விட்ட அன்று அதை அங்கேயே போட்டுவிட்டு வர மனது வரவில்லை. ஆட்சியர் அலுவலகத்துத் திங்கட்கிழமை மனுநாளில் கொண்டுவந்து கொடுக்கலாம் என்று ஒருமுறை பஸ் ஏறி வண்ணார்பேட்டை வரைக்கும் வந்தேன். கொடுத்தால் அதற்கும் ஒரு மனு எண் போட்டு, குறுஞ்செய்தி அனுப்பி, முப்பது நாளில் "தீர்வு காணப்பட்டது" என்று வந்துவிடுமோ என்று தோன்றியது. டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அதனால் நோட்டு கடையில் ஜெராக்ஸ் மிஷினுக்கு அடியில் இருக்கிறது. உங்களில் ஒருவர் வந்தால் போதும். ஜீப், முன்னறிவிப்பு எதுவும் வேண்டாம். பின்னால் இரண்டு நாற்காலி போடுகிறேன். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொருத்தியாகப் போன் போட்டு, பேசச் சம்மதமா என்று கேட்டு, சம்மதித்தவர்களிடம் நீங்களே பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாருங்கள். பீடி ஆபீஸ் கிடையாது, பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
முன்னாள் எம்.ஐ.எஸ்., இந்நாள் ஜெராக்ஸ் கடைக்காரி,
முக்கூடல் பக்கம்.